புளோரன்ஸ்: ஜவுளிக்காரர்கள் கட்டிய ஊர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது நான் ஒரு நிபந்தனை போட்டேன். மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டேன் என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். அந்த இரண்டையும் இப்போதே சொல்லித் தீர்த்துவிடுகிறேன். வேறு சிற்பிகள் கைவைத்துவிட்டு வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன ஒரு பளிங்குக் கல்லை எடுத்து, 1501 முதல் 1504 வரை உழைத்து அதை வடித்தார். 1873-இல் அதை அக்காதெமியா கூடத்துக்குள் கொண்டுபோய்விட்டதால், அது முன்பு நின்ற சதுக்கத்தில் இன்று வெயில் காய்வது 1910-இல் வைத்த நகல்.

அவ்வளவுதான். இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஜவுளி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். மொத்தக் கடையில் பேரேடு எழுதியும், சாயப்பட்டறைக்காரர்களோடு மல்லுக்கட்டியும் வளர்ந்தவன். அதனால் எந்த ஊருக்குப் போனாலும், எவ்வளவு அழகான கட்டடத்தின் முன் நின்றாலும், என் மனதில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதற்குக் காசு யார் கொடுத்தது? கொஞ்சம் அற்பமான கேள்விதான். ஆனால் புளோரன்ஸில் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே நடந்தால் ஊர் தானாகத் திறந்துகொள்கிறது. ஏனென்றால் கோயில், சிலை, ஆஸ்பத்திரி என்று எதைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. ஜவுளிக்காரர்கள்.

1338 வாக்கில் அந்த ஊர்க் கணக்கை வில்லானி என்பவர் எழுதி வைத்திருக்கிறார். அவரும் வியாபாரிதான். கம்பளித் துணிப் பட்டறைகள் 200-க்கு மேல். ஆண்டுக்கு 70,000 முதல் 80,000 துணிகள். அந்தத் தொழிலை நம்பிப் பிழைத்தவர்கள் 30,000 பேருக்கு மேல் என்கிறார். கணக்குப்பிள்ளை எழுதியது, கொஞ்சம் கூட்டியும் இருக்கலாம். இருந்தாலும் ஊரின் சுவாசமே துணிதான் என்பது தெரிகிறது.

அந்தத் துணிக்கு வேண்டிய நல்ல கம்பளி அங்கே கிடையாது. இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். சாயம் பிடிக்கப் படிகாரம் வேண்டும் அல்லவா, அது முதலில் துருக்கிக் கரையிலிருந்து கப்பலில் வந்தது. சாயச் சரக்குகள் இன்னும் எங்கெங்கிருந்தோ. சொந்தமாக அவர்களிடம் இருந்தது ஆர்னோ ஆற்றுத் தண்ணீர், கைத்திறமை, கணக்கு. இந்த மூன்றாவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1252-இல் அவர்கள் அடித்த ஃபுளோரின் என்ற தங்க நாணயம், சுமார் மூன்றரை கிராம்தான், ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியானது.

அப்புறம் அந்த ஊரின் சங்கங்கள். சங்கம் என்றால் கொடி பிடிக்கும் தொழிலாளர் சங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். முதலாளிகளும் பட்டறைக்காரர்களும் தொழில்வாரியாகச் சேர்ந்த சங்கம். மொத்தம் 21. அதில் ஏழு பெரியவை, பதினான்கு சிறியவை. 1293-இல் போட்ட சட்டப்படி, ஏதாவது ஒரு சங்கத்தில் பெயர் இல்லாதவன் நகர ஆட்சியில் பதவிக்கு வர முடியாது. ராஜா கிடையாது, சங்கம்தான் எல்லாம். கவிஞர் தாந்தே மருத்துவர்கள், மருந்துக் கடைக்காரர்கள் சங்கத்தில் பெயர் பதிந்துகொண்டது இப்படித்தான். ஓவியர்களும் அதே சங்கம்தான். வண்ணப் பொடியை மருந்துக்கடையில்தானே வாங்க வேண்டும்!

ஏழு பெரிய சங்கங்களில் மூன்று நேரடியாகத் துணியைச் சேர்ந்தவை. வெளிநாட்டிலிருந்து முடிக்காத துணியை வாங்கிச் சாயமேற்றி, மெருகேற்றி விற்ற கலிமாலா சங்கம். கம்பளி நெய்த லானா சங்கம். பட்டுச் சங்கம். பெரிய தேவாலயத்தின் கட்டுமானப் பொறுப்பு 1331-இல் லானாவிடம் வந்தது. எதிரே இருக்கும் எண்கோண ஞானஸ்நானக் கோயில் கலிமாலாவின் பொறுப்பு. அந்தக் கோயிலின் புகழ்பெற்ற வெண்கலக் கதவுகள், கிபெர்த்தி என்ற சிற்பி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கரைத்துச் செய்த கதவுகள், கலிமாலாவின் செலவு. பெரிய தேவாலயத்தின் மேல் புரூனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 1420 முதல் 1436 வரை எழுப்பிய செங்கல் குவிமாடம் லானாவின் மேற்பார்வை. அந்தக் குவிமாடம் அடியில் சாரத்தின் தாங்கல் இல்லாமல் எப்படி நின்றது என்பதைப் படம் வரையாமல் சொல்ல முடியாது, அதனால் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம். வேலை மும்முரமாக நடந்த 1434-இல் அந்த மேதையைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். என்ன குற்றம்? கட்டட வேலைக்காரர்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டவில்லை! சங்கம் என்றால் அப்படி.

நீங்கள் அங்கே போனால் சுவர்களை உற்றுப் பாருங்கள். கொடி பிடித்த ஆட்டுக்குட்டி தெரிந்தால் அது லானா. துணிப் பொதியைக் காலில் பற்றிய கழுகு தெரிந்தால் அது கலிமாலா. ஆற்றுக்கு அக்கரையில் குன்றின் மேல் சான் மினியாத்தோ தேவாலயம் இருக்கிறது. அதன் முகப்பின் உச்சியில், சிலுவை இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில், இந்தக் கழுகுதான் பொதியோடு உட்கார்ந்திருக்கிறது. காசு கொடுத்தவன் முத்திரை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பெரிய தேவாலயத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம்தான். ஓர்சான்மிக்கேலே என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் கோயிலா, கிடங்கா என்று குழப்பமாக இருக்கும். இரண்டுமேதான். 1337-இல் தானியச் சந்தையாகக் கட்டத் தொடங்கினார்கள். கீழே சந்தை, மேலே பஞ்ச காலத்துக்கான தானியக் கிடங்கு. பிறகு கீழ்த்தளத்தின் வளைவுகளை அடைத்துக் கோயிலாக்கிவிட்டார்கள். உள்ளே தூணில் பாருங்கள், மேலிருந்து தானியம் கொட்டிய துவாரம் இன்றும் இருக்கிறது.

வெளிச் சுவரைச் சுற்றிப் பதினான்கு மாடங்கள். சங்கத்துக்கு ஒரு மாடம் என்று பிரித்து, உங்கள் காவல் புனிதரின் சிலையை வையுங்கள் என்று நகராட்சி சொல்லியிருந்தது. செலவு என்றதும் பலர் இழுத்தடித்தார்கள். எந்த ஊரிலும் இதுதானே கதை. கடைசியில் 1406-இல் பத்து வருடக் கெடு வைத்தார்கள். அதன் பிறகு ஒரு போட்டி பிறந்தது பாருங்கள். கலிமாலாக்காரர்கள் கிபெர்த்தியிடம் சொல்லி ஆள் உயரத்துக்கு மேல் வெண்கலத்தில் யோவான் ஸ்நானகரை வார்த்தார்கள். பளிங்கைவிட வெண்கலத்துக்குப் பல மடங்கு செலவு. அதைப் பார்த்த வட்டிக்கடைச் சங்கம், அதாவது வங்கிக்காரர்கள், அதே சிற்பியிடம் போய் மத்தேயு சிலை கேட்டார்கள். ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள்: கலிமாலாவின் சிலையைவிட அளவில் குறையக் கூடாது. லானாக்காரர்களுக்குத் தூக்கம் வருமா? அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பளிங்குச் சிலை இருந்தது. அதை எடுத்துவிட்டு, அவர்களும் கிபெர்த்தியிடமே வெண்கலத்தில் ஸ்தேவானைச் செய்யச் சொன்னார்கள். தெருவுக்குத் தெரு திருவிழாப் பந்தல் போட்டி நடந்தால் நமக்கு மண்டைவலி. அவர்களுக்கு நடந்த போட்டியில் உலகத்துக்கே கலை கிடைத்தது.

பணக்காரச் சங்கங்கள் அப்படி. சிறு சங்கங்களிடம் வெண்கலத்துக்கு வழியில்லை. லினன் துணி வியாபாரிகள், அதாவது நம் ரகம், பளிங்கில் மாற்கு சிலை செய்யச் சொல்லித் தொனத்தெல்லோ என்ற இளம் சிற்பியிடம் 1411-இல் பேசினார்கள். இது பற்றி ஒரு கதை உண்டு. கலைஞர்களின் வாழ்க்கையை 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய வசாரி சொல்வது. சிலையைத் தரையில் வைத்துக் காட்டியபோது சங்கத்தார் முகம் சுளித்தார்கள். சரியாக இல்லை, வேண்டாம் என்றார்கள். சரக்கு வாங்கும்போது முதலில் குறை சொல்வது எங்கள் தொழிலில் ரத்தத்தில் ஊறியது, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொனத்தெல்லோ சண்டை போடவில்லை. மாடத்தில் ஏற்ற மட்டும் அனுமதி கொடுங்கள், நான் திருத்தித் தருகிறேன் என்றார். ஏற்றினார், திரை போட்டு மூடினார். பதினைந்து நாள் உளியைத் தொடவே இல்லை. பிறகு திரையை விலக்கினார். சங்கத்தார் அண்ணாந்து பார்த்தார்கள். ஆகா, இப்போதல்லவா சரியாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள்!

கதை உண்மையோ பொய்யோ, அதன் உள்ளே ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. கீழேயிருந்து பார்க்க வேண்டிய சிலை என்று கணக்குப் போட்டுத்தான் அவர் செதுக்கினார். தரையில் நிறுத்தினால் மேல் உடம்பு நீண்டு தெரியும். உயரத்தில் ஏற்றிவிட்டால் எல்லாம் அளவாகிவிடும். கடைக்குள் குழல்விளக்கில் ஒரு நிறம், வாசல் வெயிலில் ஒரு நிறம் என்று புடவையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடும் பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

அந்த மாற்குவின் காலடியைக் கவனியுங்கள். பொதுவாக யாரும் கவனிப்பதில்லை. புனிதர் கல்பீடத்தில் நிற்கவில்லை, ஒரு தலையணை மேல் நிற்கிறார்! பளிங்கில் செதுக்கிய தலையணை, கால் பட்ட இடத்தில் அமுங்கியிருக்கிறது. அந்தச் சங்கத்தின் சரக்கு அது. உடுத்தியிருக்கும் துணியின் மடிப்பும் அப்படித்தான், கனமான நல்ல துணி, முழங்காலில் இழுபட்டு விழுகிறது. நான் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது என்னோடு வந்தவர்கள் அடுத்த தெருவுக்குப் போயே விட்டார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: இப்போது வெளியே இருப்பவை நகல்கள். அசல்களில் பெரும்பாலானவை அதே கட்டடத்தின் மாடியில், பழைய தானியக் கிடங்கில் இருக்கின்றன. தெருவில் ஒரு முறை, மாடியில் ஒரு முறை என்று இரண்டையும் பாருங்கள்.

சாயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே சாந்தா மரியா நொவெல்லா தேவாலயம். கரும்பச்சை, வெள்ளைப் பளிங்கு முகப்பு. அல்பெர்த்தி வடிவமைத்தது. உச்சிக்குக் கீழே பெரிய லத்தீன் எழுத்தில் ஒரு பெயரும் 1470 என்ற ஆண்டும் பொறித்திருக்கும். கடவுள் பெயர் இல்லை, போப்பாண்டவர் பெயர் இல்லை. ஜொவான்னி ருச்செல்லாய், செலவு செய்தவர் பெயர். நம் கோயில்களில் டியூப்லைட்டில்கூட உபயம் எழுதுகிறோமே என்று இனி வெட்கப்பட வேண்டியதில்லை.

இந்த ருச்செல்லாய் குடும்பத்துக்குப் பெயரும் பணமும் வந்தது ஒரு சாயத்தால். ஒரிச்செல்லோ என்ற ஊதாச் சாயம். நாம் மசாலாவுக்குப் போடும் கல்பாசி இனத்தில் ஒரு பாசி, கடலோரப் பாறையில் படர்வது. குடும்பத்து மூதாதை ஒருவர் கிழக்கு நாடுகளில் வியாபாரத்துக்குப் போனபோது வழியில் சிறுநீர் கழிக்க ஒதுங்கினாராம். நனைந்த பாசி ஊதாவாக மாறியதைக் கண்டாராம். சாயம் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நின்ற இடத்திலேயே நிறம் மாறிவிடாது. புளித்த சிறுநீரில் பல நாள் ஊறிக் காற்றுப் பட வேண்டும். ஆனால் செய்முறை என்னவோ அதுதான். அந்த நாற்றத்திலிருந்து வந்த காசில் எழுந்தது இந்தப் பளிங்கு முகப்பு. ஜொவான்னி தன் குறிப்பேட்டில், சம்பாதித்ததைவிட நன்றாகச் செலவழித்ததுதான் மனதுக்கு நிறைவு தந்தது என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

இத்தனை பெருமை பேசிவிட்டு மறுபக்கம் பேசாமல் இருப்பது நியாயமில்லை. பட்டறையில் கம்பளியை அடித்து, சிக்கெடுத்து, எண்ணெயிலும் ஈரத்திலும் நின்றவர்களுக்குச் சங்கம் கிடையாது. சியோம்பி என்று அவர்களைக் கூப்பிட்டார்கள். சங்கம் வைக்கவும் கூடாது, கூலி பேசக் கூட்டம் கூடவும் கூடாது. 1378-இல் அவர்கள் வெடித்தார்கள். நகர ஆட்சி நடந்த அரண்மனையைப் பிடித்தார்கள். கம்பளித் தொழிலாளி மிக்கேலே தி லாந்தோ நகரத்தின் தலைவரானார். மூன்று புதுச் சங்கங்கள் பிறந்தன. அவற்றில் கடைநிலைக்காரர்களின் சங்கம் சில வாரங்களில் நசுக்கப்பட்டது. மற்ற இரண்டும் 1382-இல் முடிந்தன. காசு கொடுத்தது யார் என்று கேட்கும் நான், அந்தக் காசு எவர் முதுகிலிருந்து வந்தது என்றும் கேட்கத்தான் வேண்டும்.

அந்த மிக்கேலே தி லாந்தோவுக்கு இன்று ஒரு சிலை இருக்கிறது. புதுச் சந்தை மண்டபத்தில். பட்டு வியாபாரத்துக்காக 16-ஆம் நூற்றாண்டில் கட்டியது. வெண்கலப் பன்றியின் மூக்கைத் தடவக் கூட்டம் நிற்கும் இடம் என்றால் எல்லோரும் வழி காட்டுவார்கள். பன்றியை விடுங்கள். மண்டபத்தின் நடுத் தரையில் சக்கரம்போல் ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறார்கள், அதைப் பாருங்கள். கடனைக் கட்ட முடியாமல் திவாலான வியாபாரியை அங்கே கொண்டுவந்து, கால்சட்டையை இறக்கி, பின்புறத்தை அந்தக் கல்லில் மோதவைப்பார்கள். ஊர் கூடி நின்று பார்க்கும். நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு மறு மாதம் மச்சான் பெயரில் கடை திறப்பவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கல்லைப் பார்த்ததும் அவர்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்கு...

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் விரலைக் காட்டுகிறார். இன்னும் ஒரு நிமிடம்தானாம். பட்டுச் சங்கத்தைப் பற்றி ஒரு பகுதியே எழுதிக் கொண்டுவந்தேன். வேகமாகச் சொல்கிறேன். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக அவர்கள் 1419-இல் கட்டத் தொடங்கிய இன்னொசெந்தி இல்லம், அதே புரூனெல்லெஸ்கியின் வடிவமைப்பு. 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது, பெண் குழந்தை. அகாத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள். முகப்பில் நீலப் பின்னணியில் துணி சுற்றிய வெள்ளைக் குழந்தைகள், அந்திரேயா தெல்லா ரொபியா செய்தவை. உள்ளே அருங்காட்சியகத்தில் பாதியாக உடைத்த பதக்கங்கள் இருக்கின்றன. குழந்தையோடு தாய் ஒரு பாதியை விட்டுப் போவாள், மறு பாதி அவளிடம் இருக்கும், என்றாவது திரும்பி வந்தால் அடையாளம் காட்ட. தாவீதுக்கு நிற்கும் வரிசையில் கால்வாசி கூட்டம்கூட இங்கே இருக்காது. அக்காதெமியாவிலிருந்து நடக்கும் தூரம்தான், அவசியம் போங்கள். பக்கத்து ஊர் பிராட்டோவில் தாத்தினி என்ற வியாபாரி விட்டுப்போன ஒன்றரை லட்சம் கடிதங்களைப் பற்றி நிலையத்தார் இன்னொரு முறை கூப்பிட்டால் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.