வி.ஐ.டி.யா, எஸ்.ஆர்.எம்.மா? ஒரு தாயின் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். இன்றைய சந்தேகங்களில் முதலாவதாக ஒரு தாயின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியிருப்பதைச் சுருக்கிப் படிக்கிறேன்: "என் மகனுக்கு வி.ஐ.டி.யின் சென்னை வளாகத்தில் நான்காவது கட்டணப் பிரிவில் இ.சி.இ. (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) கிடைத்திருக்கிறது. எஸ்.ஆர்.எம். காட்டாங்குளத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. உறவினர்கள் எல்லாரும் வி.ஐ.டி.தான் பெரிய பெயர் என்கிறார்கள். மகன் எஸ்.ஆர்.எம்.முக்குத்தான் போவேன் என்கிறான். இரண்டில் எதற்கு மதிப்பு அதிகம், எதில் தரம் அதிகம் என்று சொல்லுங்கள், சார்."

அம்மா, மதிப்பையும் தரத்தையும் நீங்கள் தனித்தனியாகக் கேட்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பெரும்பாலானோர் இரண்டையும் ஒன்றாக்கித்தான் கேட்பார்கள். மதிப்பில் வி.ஐ.டி. ஓரளவு முன்னால் நிற்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே இருக்கும் தூரத்தைவிட, ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு வளாகத்துக்கும் இன்னொரு வளாகத்துக்கும், ஒரு பாடப்பிரிவுக்கும் இன்னொரு பாடப்பிரிவுக்கும், ஒரு கட்டணப் பிரிவுக்கும் இன்னொரு கட்டணப் பிரிவுக்கும் இருக்கும் தூரம் பெரியது. உறவினர்கள் பேசுவது முதல் தூரத்தைப் பற்றி. உங்கள் மகன் நான்கு ஆண்டுகள் வாழப்போவது இரண்டாவது தூரத்துக்குள்.

இரண்டும் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள் போலப் பிறந்தவை. தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு கதவைத் திறந்துவிட்ட காலத்தில், 1984இல் கோ. விசுவநாதன் அவர்கள் வேலூர் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1985இல், இன்று பாரிவேந்தர் என்று அழைக்கப்படும் பச்சமுத்து அவர்கள் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். முன்னது 2001இலும் பின்னது 2002இலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதாவது பல்கலைக்கழகத்துக்கு நிகரானவை என்று மத்திய அரசு அறிவித்த நிறுவனங்கள், ஆயின. இரண்டுமே தேசிய தர மதிப்பீட்டுக் குழுவான நாக் அமைப்பிடம் ஏ பிளஸ் பிளஸ் என்ற உயர்ந்த தரநிலையைப் பெற்றவை. ஆகவே யாராவது ஒன்றைப் பழம்பெருமை உடையது என்றும் மற்றதை நேற்று முளைத்தது என்றும் சொன்னால், அது வெறும் பேச்சு.

பெயரைப் பற்றி இன்னொரு செய்தி. 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, நிகர்நிலை நிறுவனங்கள் தம் பெயரில் பல்கலைக்கழகம் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. அதனால்தான் எஸ்.ஆர்.எம். யுனிவர்சிட்டி என்றிருந்தது எஸ்.ஆர்.எம். இன்ஸ்டிடியூட் ஆஃப் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி என்று மாறியது, வி.ஐ.டி. யுனிவர்சிட்டியும் வேலூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி என்ற பெயருக்குத் திரும்பியது. இது வெறும் பெயர்ப்பலகைச் சங்கதி என்று கடந்துவிடாதீர்கள். இன்றைக்கு எஸ்.ஆர்.எம். பெயரோடு பல்கலைக்கழகம் என்ற சொல்லும் சேர்ந்து வந்தால், அது பெரும்பாலும் ஆந்திராவின் அமராவதியிலோ ஹரியானாவின் சோனிபட்டிலோ அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனிப் பல்கலைக்கழகமாக இருக்கும். அதேபோல ஆந்திராவில் உள்ள வி.ஐ.டி. ஏ.பி.யும் மத்தியப் பிரதேசத்தில் உள்ள வி.ஐ.டி. போபாலும் வேலூரின் கிளைகள் அல்ல. அவையும் மாநிலச் சட்டங்களின் கீழ் உருவான தனிப் பல்கலைக்கழகங்கள். பட்டச் சான்றிதழில் வரும் பெயரே வேறு. வேலூரும் சென்னையும் ஒரே நிறுவனம். காட்டாங்குளத்தூர், ராமாபுரம், வடபழனி, திருச்சி வளாகங்களும் அப்படியே ஒரே எஸ்.ஆர்.எம்.மின் பகுதிகள். உங்கள் மகனுக்குக் கிடைத்திருப்பவை இரண்டும் தாய் நிறுவனத்தின் வளாகங்களே என்பதால் இந்தக் குழப்பம் உங்களுக்கு இல்லை. ஆனால், "என் அண்ணன் பையன் அங்கே படித்தான், வேலையே கிடைக்கவில்லை" என்று ஒரு உறவினர் சொன்னால், எந்த வளாகம் என்று ஒரு கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்.

இனி தரவரிசைக்கு வருகிறேன். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016இலிருந்து வெளிவருகிறது. அதில் பொறியியல் பிரிவில் வி.ஐ.டி. 2022இல் 12ஆம் இடம், 2023இலும் 2024இலும் 11ஆம் இடம். எஸ்.ஆர்.எம். 2022இல் 19, 2023இல் 28, 2024இல் 13. இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஓர் ஆண்டில் ஒன்பது இடம் சறுக்கி, அடுத்த ஆண்டே பதினைந்து இடம் ஏறியிருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே வகுப்பில் பாடம் நடத்தும் விதம் அந்த அளவுக்குக் கெட்டு, பிறகு அந்த அளவுக்குச் சீரடைந்ததா? அப்படி நடக்க வாய்ப்பே இல்லை. ஆசிரியர்களும் ஆய்வகங்களும் பெரும்பாலும் அப்படியேதான் இருந்திருக்கும். மாறியது மதிப்பெண் கணக்கு. இந்த அடுக்கில் நிறுவனங்களின் மதிப்பெண்கள் நெருக்கமாக இருப்பதால், ஓரிரு மதிப்பெண் கூடினாலும் குறைந்தாலும் பல இடங்கள் தாண்டிவிடும். அந்த மூன்று ஆண்டுகளில் வி.ஐ.டி.யின் இடம் ஏறத்தாழ அசையாமல் நின்றது அதன் நிலைத்தன்மையைக் காட்டியது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் 2024இன் 11க்கும் 13க்கும் உள்ள இடைவெளியைக் காட்டி ஒரு பையனின் பாடப்பிரிவை மாற்றச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்தப் பட்டியல் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொறியியல் பிரிவில் நூறில் முப்பது மதிப்பெண் கற்பித்தலுக்கும் அதற்கான வளங்களுக்கும், முப்பது ஆய்வுக்கும் தொழில்சார் பணிகளுக்கும், இருபது மாணவர்கள் தேர்ச்சி பெற்று வெளியேறும் நிலைக்கும், பத்து பல்வேறு பின்னணியினரைச் சேர்ப்பதற்கும், மீதிப் பத்து கல்வியாளர்களும் வேலை தருவோரும் அந்த நிறுவனத்தைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்துக்கும் போகின்றன. நீங்கள் கேட்கும் மதிப்பு என்பது இந்தக் கடைசிப் பத்துதான். ஆய்வுக்கான முப்பதில் கட்டுரைகளின் எண்ணிக்கையும் அவை மேற்கோள் காட்டப்படுவதும் பெரும் பங்கு வகிக்கின்றன. இரண்டு நிறுவனங்களும் ஏராளமான கட்டுரைகளை வெளியிடுகின்றன. ஆனால் இளநிலை இரண்டாம் ஆண்டில் சிக்னல்ஸ் பாடம் புரியாமல் தவிக்கும் மாணவனுக்கு அந்தக் கட்டுரைகள் கைகொடுப்பதில்லை.

இந்தப் பட்டியலைவிட எனக்குப் பயனுள்ளதாகத் தெரிவது, அதற்காக நிறுவனங்கள் சமர்ப்பிக்கும் தரவுத் தாள். அதை அவர்கள் தம் இணையதளத்திலேயே வெளியிடுகிறார்கள், பெற்றோர்தான் திறந்து பார்ப்பதில்லை. நான்காண்டுப் படிப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். இடைநிலைச் சம்பளம் என்றால், எல்லாரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது. விளம்பரப் பலகையில் போடுவது வரிசையின் முதல் ஆளின் சம்பளத்தை. உங்கள் மகன் நடுவில் நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு குறை, அந்தத் தாளில் எல்லாப் பாடப்பிரிவுகளும் ஒன்றாகக் கலந்திருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் தனியாக, சிவில் தனியாகத் தெரியாது. அதை அந்தந்தத் துறையில் இறுதியாண்டு படிக்கும் மாணவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்வி முடியாது. வி.ஐ.டி.யில் நுழைவுத்தேர்வுத் தரவரிசையின்படி ஐந்து கட்டணப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். முதல் பிரிவில் சேர்ந்தவர் கட்டுவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாக ஐந்தாம் பிரிவில் சேர்ந்தவர் கட்டுகிறார். இருவரும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள், ஒரே ஆசிரியரிடம் படிக்கிறார்கள், ஒரே சான்றிதழ் வாங்குகிறார்கள். முதல் பிரிவுக் கட்டணத்தில் வி.ஐ.டி. ஒரு தீர்ப்பு, நான்காம் பிரிவுக் கட்டணத்தில் அதே வி.ஐ.டி. வேறொரு தீர்ப்பு. உறவினர்கள் சொல்லும் பெரிய பெயரை நீங்கள் எந்த விலைக்கு வாங்குகிறீர்கள் என்பதை, விடுதிக் கட்டணத்தையும் சேர்த்து, நான்கு ஆண்டுகளுக்கும் கூட்டிப் பாருங்கள், எஸ்.ஆர்.எம்.முக்கும் அதே கணக்கைப் போடுங்கள். கல்விக்கடன் வாங்குவதாக இருந்தால் வட்டியையும் சேருங்கள். இடையில் ஒன்று சொல்லவேண்டும்: இரண்டு நிறுவனங்களும் தமிழ்நாடு அரசின் பொறியியல் கலந்தாய்வுக்கு வெளியே இருப்பவை என்பதால், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் அங்கே வாராது. மறுபக்கம், தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூவில் முதலிடம் பெறும் ஒரு மாணவரையும் ஒரு மாணவியையும் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளும் ஸ்டார்ஸ் திட்டம் வி.ஐ.டி.யில் இருக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

படிப்புமுறையில் வி.ஐ.டி.க்கு என்று ஒரு தனித்தன்மை உண்டு. எஃப்.எஃப்.சி.எஸ். என்ற முறையில், எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில், எந்த ஆசிரியரிடம், எந்த நேரத்தில் படிப்பது என்பதை மாணவரே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார். கேட்க அழகாக இருக்கும். நடைமுறையில், நல்ல ஆசிரியர்களின் இடங்கள் பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே நிரம்பிவிடும். சீனியர்களைக் கேட்டுத் தயாராக உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு இது வரம், யாராவது கையைப் பிடித்து நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்கும் மாணவருக்கு இது சோதனை. உங்கள் மகன் எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். எஸ்.ஆர்.எம்.மின் பலம் என்று நான் கருதுவது வளாகத்தின் அகலம்: காட்டாங்குளத்தூரில் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் பொறியியலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. 2011 அக்டோபர் 12 அன்று பி.எஸ்.எல்.வி. சி-18 ராக்கெட்டில், கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஜுக்னு செயற்கைக்கோளோடு சேர்ந்து பறந்த எஸ்.ஆர்.எம்.சாட் செயற்கைக்கோள் அங்குள்ள மாணவர்கள் உருவாக்கியது. ஆனால் அத்தகைய பணிகளில் சேர்பவர்கள் ஒரு சிறு குழுவினர். ஆயிரக்கணக்கான மாணவர்கள் சேரும் வளாகத்தில் தானாக யாரும் வந்து அழைக்கமாட்டார்கள் என்பது இரண்டு இடங்களுக்கும் பொருந்தும்.

இனி உங்கள் மகனின் கேள்விக்கே வருகிறேன், ஏனென்றால் இது வி.ஐ.டி.யா எஸ்.ஆர்.எம்.மா என்ற கேள்வியைவிட இ.சி.இ.யா கம்ப்யூட்டர் சயின்ஸா என்ற கேள்வி. வளாகத் தேர்வுக்கு வரும் மென்பொருள் நிறுவனங்களில் பல, சர்க்யூட் பிராஞ்ச் என்று சொல்லப்படும் இ.சி.இ. மாணவர்களையும் அனுமதிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த மாணவர்கள் பகலில் மின்காந்த அலைகளையும் இரவில் நிரலாக்கத்துக்கான டேட்டா ஸ்ட்ரக்சரையும் படித்துக்கொண்டு இரட்டைச் சுமையைச் சுமக்கிறார்கள். உங்கள் மகன் எஸ்.ஆர்.எம்.மைக் கேட்பது நிரல் எழுதுவதில் உள்ள ஆர்வத்தால் என்றால், அவன் சொல்வதுதான் சரி. நான்காம் பிரிவுக் கட்டணம் கட்டி, விருப்பமில்லாத துறையில், ஓரளவு உயர்ந்த பெயருக்காக அவனை உட்கார வைக்காதீர்கள். நண்பர்கள் அங்கே போகிறார்கள் என்பதற்காகக் கேட்கிறான் என்றால், அல்லது சிப் வடிவமைப்பிலும் மின்னணுவிலும் அவனுக்கு உண்மையில் ஈடுபாடு இருக்கிறது என்றால், வி.ஐ.டி. சென்னையின் இ.சி.இ. நல்ல இடம், கட்டணம் குடும்பத்தை வதைக்காத பட்சத்தில். அவனை எதிரில் உட்காரவைத்து, இதுவரை தானாக, யாரும் சொல்லாமல், என்ன செய்து பார்த்தாய் என்று கேளுங்கள். ஒரு சின்ன நிரலா, மின்னணுச் சோதனைகளுக்குப் பயன்படும் ஒரு ஆர்டுயினோ பலகையா, எதுவுமே இல்லையா என்ற பதிலில் பாதி விடை இருக்கும்.

ஒன்றில் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோமே என்ற கவலை இருந்தால், அது உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டாம். 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30க்குள் இடத்தை விட்டு விலகினால் முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31க்குள் விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் மட்டும் கழித்துக்கொண்டு மீதியையும் திருப்பித் தரவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருந்தது. நிகர்நிலை நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். உங்கள் மகன் சேரும் ஆண்டுக்கான தேதிகளை மானியக் குழுவின் அறிவிப்பிலேயே பார்த்து, விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.