கரண்ட் வைக்கிற டாக்டருக்கு இன்னும் என்ன படிப்பு?

வணக்கம் நேயர்களே. நான் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் மருத்துவர். ஊரிலிருக்கும் உறவுக்காரர்கள் பாஷையில் 'கரண்ட் வைக்கிற டாக்டர்'. மருத்துவப் படிப்பு, அப்புறம் இந்தத் துறையில் 5 ஆண்டுப் பயிற்சி, இடையில் தேர்வுகள், எல்லாம் முடித்துவிட்டுப் புரோட்டான் சிகிச்சைக்காக ஒரு வருட ஃபெலோஷிப் கிடைத்து அமெரிக்கா கிளம்பும் சமயம், அம்மா இங்கே சிங்கப்பூரில், தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டே கேட்டார், "டாக்டராகித்தான் இத்தனை வருஷம் ஆச்சே, இன்னும் என்னடா படிப்பு?" மீன்காரர் வேறு என் முகத்தையே பார்த்தார். அப்போது பதில் வரவில்லை, இன்றைக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

வழக்கமாக நாங்கள் கொடுப்பது எக்ஸ்-ரே. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகும், போகிற வழியில் இருப்பதையும் கொஞ்சம் தொட்டுவிட்டுத்தான் போகும். புரோட்டான், அதாவது அணுவுக்குள் இருக்கும் ஒரு நுண்துகள், அப்படியில்லை. ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் வந்தாலும், கணக்குப் போட்டு அனுப்பிய ஆழத்தில் தன் சக்தியில் பெரும்பங்கைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ராபர்ட் வில்சன் என்ற இயற்பியலாளர் 1946இலேயே எழுதினார். 1954இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். சென்னை தரமணிக்கு 2019இல் வந்தது. நம் அவுட்ரமில், தேசியப் புற்றுநோய் நிலையத்தில், 2023இல் சிகிச்சை தொடங்கியது.

சரி, அதுதான் சொன்ன இடத்தில் நிற்குமே, ஒரு வருடம் படிக்க என்ன இருக்கிறது? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

அமெரிக்கா போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம், தலைக்குள் ஒரு கட்டிக்குத் திட்டம் போட்டேன். கட்டிக்கு நேர் பின்னால் மூளைத்தண்டு. கதிர் முன்னாலிருந்து வந்து கட்டி முடிகிற இடத்தில் டக்கென்று நிற்கிற மாதிரி வைத்தேன். கதிர் படும் இடம் திரையில் நிறமாகத் தெரியும். பார்க்க அவ்வளவு அழகு, கட்டி முழுக்கச் சிவப்பு, மூளைத்தண்டில் ஒரு பொட்டு நிறம்கூட இல்லை. பேராசிரியர் அம்மா ஒரு நிமிடம் பார்த்தார். எல்லைக்கோட்டில் விரலை வைத்து, "இங்கேதான் நிற்கும் என்று உனக்கு யார் சொன்னது?" என்றார்.

சொன்னது சிடி ஸ்கேன். ஸ்கேனில் தெரியும் அடர்த்தியை வைத்துத்தான் புரோட்டான் எவ்வளவு தூரம் போகும் என்று கணிக்கிறோம், அந்தக் கணிப்பில் பிசகு உண்டு. பல மையங்களில் மூன்றரை விழுக்காடு, அதற்கு மேல் ஓரிரு மில்லிமீட்டர் என்று ஒதுக்கி வைப்பார்கள். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நான்கைந்து மில்லிமீட்டர் ஆகிவிடும், நான் விட்டிருந்த இடைவெளியோ அதில் பாதிகூட இல்லை. போதாக்குறைக்கு, நிற்கப்போகிற கடைசி சில மில்லிமீட்டரில்தான் புரோட்டானின் உயிரியல் பாதிப்பு நாம் எழுதிக்கொடுத்த அளவைவிடக் கூடுதலாக இருக்கும். மூளைத்தண்டைக் குறிபார்த்து ஒரு கதிரை நிறுத்துவதற்குப் பதில், பக்கவாட்டில் இரண்டு மூன்று கோணங்களில் பிரித்து அனுப்பவேண்டும். திரையில் அது அவ்வளவு அழகாக இருக்காது. அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரும்பப் போட்டேன்.

மூக்குத்தொண்டைப் புற்றுநோய் இங்கே சீனர்களிடம் அதிகம், அதில் இன்னொரு தலைவலி. முதல் ஸ்கேன் எடுத்த அன்றைக்கு சைனஸில் சளி நிறைந்திருக்கும், மூன்றாம் வாரம் வடிந்து காற்றாகிவிடும். காற்றில் புரோட்டானைத் தடுக்க ஒன்றும் இல்லை, உள்ளே இன்னும் தூரம் போய்விடும். நோயாளி இளைத்தாலும் இதே கதைதான். ஆகவே நடுநடுவே திரும்ப ஸ்கேன், தேவைப்பட்டால் புதுத் திட்டம். எதை விடலாம், எதை மாற்றியே ஆகவேண்டும் என்ற கண் வருவதற்கே எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

குழந்தைகள் விஷயம் தனி. சிறுமூளையில் வரும் ஒரு வகைக் கட்டிக்குத் தண்டுவடம் முழுக்கக் கதிர் கொடுக்கவேண்டும். புரோட்டான் என்றால் முதுகெலும்போடு நிறுத்திவிடலாம், இதயம், குடல் தப்பும். அப்படியானால் எலும்பையும் பாதியில் விட்டுவிடலாமே என்று கேட்டேன். கூடாதாம். வளர்கிற பிள்ளைக்கு எலும்பின் பின்பாதியில் மட்டும் கதிர் பட்டால் அது வளராது, முன்பாதி வளரும், முதுகு கோணிப்போகும். அதனால் முழு எலும்புக்கும் வேண்டுமென்றே கொடுக்கிறோம். வளர்ந்து முடித்தவர்களுக்குத்தான் விட்டுப்பிடிக்கலாம்.

யாருக்கு இது வேண்டாம் என்று சொல்வதும் பயிற்சியில் ஒரு பகுதி, ஆனால் அதை ஊருக்கு வந்துதான் உண்மையில் கற்றுக்கொண்டேன். புரோஸ்டேட் புற்றுநோய் வந்த அங்கிள் ஒருவர், செய்தித்தாள் துண்டோடு வந்து புரோட்டான்தான் வேண்டும் என்றார். அமெரிக்காவில் 450 பேரை வைத்துப் புரோட்டானையும் எக்ஸ்-ரேயையும் ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்துக் கேட்டபோது குடல் தொந்தரவில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அதைச் சொல்லி, உங்களுக்கு எக்ஸ்-ரேயே போதும் அங்கிள், காசை ஏன் கூடுதலாகச் செலவழிக்கிறீர்கள் என்றேன்.

"அப்போ நீங்க ஒரு வருஷம் போய் எதைத்தான் படிச்சீங்க?" என்றார், கிட்டத்தட்ட அம்மா மாதிரியே.

அடுத்த திங்கட்கிழமை எக்ஸ்-ரேக்கே வந்தார். சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தோம். பாலில்லாத ஒரு கோப்பி-ஓ மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தார்.