வீட்டில் துப்பாக்கி வைத்திருந்தால் பாவமா, ஃபாதர்?

சரி, அடுத்த கேள்வி டெக்சாஸிலிருந்து. ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்துவிட்டதாம், கணவர் கைத்துப்பாக்கி வாங்கலாம் என்கிறாராம். "எங்கள் பங்குக் கோயிலில் ஒருவர், ஆயர்களே கூடாது என்கிறார்கள், வாங்கினால் பாவம் என்கிறார். இன்னொருவர், அது அவரவர் மனச்சான்று, திருச்சபைக்கு இதில் என்ன வேலை என்கிறார். யார் சொல்வது சரி, ஃபாதர்?"

இரண்டு பேருமே பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள்.

துப்பாக்கி வைத்திருப்பதே பாவம் என்று திருச்சபை போதித்ததில்லை. திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துத் தரும் மறைக்கல்வி நூலில் 2263 முதல் 2265 வரையுள்ள எண்களை எடுத்து வாசியுங்கள். உயிரைக் காத்துக்கொள்வது நியாயம், பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்கு அது கடமையாகவும் ஆகலாம் என்றுதான் அங்கே இருக்கிறது. ஆனால் அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொள்வது இறையியலாளர் புனித தோமா அக்குவினா 13ஆம் நூற்றாண்டில் சொன்னதை, அவர் போடும் நிபந்தனை கடுமையானது: நோக்கம் காப்பதாக இருக்க வேண்டும், கொல்வதாக இருக்கக் கூடாது, தேவைக்கு மேல் பலம் பயன்படுத்தினால் அந்த நியாயம் அங்கேயே போய்விடும். இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், இரவில் திருடிக்கொண்டு ஓடுகிறவனைச் சுடுவதற்கு டெக்சாஸ் சட்டம் சில சூழல்களில் இடம் கொடுக்கிறது. அக்குவினா கொடுக்கமாட்டார். டிவியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு, சட்டம் அனுமதிக்கிறதே என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வந்து சொன்னால் நான் என்ன செய்வது?

இப்போது அந்த இரண்டாவது நண்பர், திருச்சபைக்கு என்ன வேலை என்று கேட்டவர். அதே மறைக்கல்வியில் 2316ஆம் எண் இருக்கிறது. ஆயுத உற்பத்தியும் விற்பனையும் பொதுநலனைத் தொடுகிற விஷயம், அவற்றை ஒழுங்குபடுத்துவது அரசின் உரிமை, கடமையும் கூட. 1994இல் வத்திக்கானின் நீதி அமைதி அவை ஆயுத வணிகம் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது, கைத்துப்பாக்கி விற்பனைக்குக் கட்டுப்பாடு வைப்பதால் யாருடைய உரிமையும் பறிபோகாது என்று அதில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க ஆயர்கள் 2000இல் குற்றவியல் நீதி பற்றி எழுதியபோது, காரமான வரியை அடிக்குறிப்பில் போட்டார்கள் (ஆயர்கள் அப்படித்தான்!): போலீஸ், ராணுவம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, நாளடைவில் கைத்துப்பாக்கிகள் சமூகத்திலிருந்தே நீங்க வேண்டும். உங்கள் முதல் நண்பர் இதைத்தான் எங்கேயோ கேட்டிருக்க வேண்டும். ஆனால் இது விசுவாசக் கோட்பாடு அல்ல, நாட்டு நிலைமையைப் பார்த்து ஆயர்கள் எடுத்த முடிவு. எந்த வயதில் விற்கலாம், எத்தனை நாள் காத்திருக்க வைக்கலாம், எந்த வகையைத் தடை செய்யலாம் என்பதில் ஒரு கத்தோலிக்கர் ஆயரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதற்காக யாரும் அவருக்கு நற்கருணை மறுக்கப்போவதில்லை.

ஆனால் மனச்சான்று என்றால் என்ன? முதலில் மனச்சான்றுக்கு, அப்புறம் திருத்தந்தைக்கு என்று கிண்ணம் உயர்த்துவேன் என 1875இல் ஒரு கடிதத்தில் எழுதினாரே ஆங்கில இறையியலாளர் புனித நியூமன், அந்த வரியை எல்லோரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதே கடிதத்தில் அவர், என் காலத்து மக்கள் மனச்சான்று என்று சொல்வது வெறும் தான்தோன்றித்தனம் என்று திட்டியும் இருக்கிறார், அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. மனச்சான்றைப் பின்பற்றத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், உண்மைகளைக் கண் முன்னால் வைக்க வேண்டும்.

அதனால் உங்கள் கணவர் முடிவெடுக்கும் முன் சிலவற்றைப் பார்க்கட்டும். உங்கள் மாநிலத்திலேயே உவால்டி ஊர்ப் பள்ளியில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள், மறுநாளே திருத்தந்தை பிரான்சிஸ், கண்மூடித்தனமான ஆயுதப் புழக்கத்துக்குப் போதும் என்று சொல்லும் நேரம் வந்துவிட்டது என்றார். 2025 ஆகஸ்டில் மினியாபோலிஸில் பள்ளிப் பிள்ளைகள் திருப்பலியில் இருக்கும்போதே சுடப்பட்டார்கள், 8 வயதும் 10 வயதுமான இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். ஆனால் திருட்டுக்குப் பயந்து வாங்குகிற ஒரு குடும்பம் யோசிக்க வேண்டிய கணக்கு இன்னொன்று இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,800 பேர், அதில் 26,000க்கும் மேற்பட்டவர்கள் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். அதாவது பாதிக்கு மேல். திருடன் வருவானோ மாட்டானோ, வீட்டில் மனம் உடைந்த ஒருவர் இருக்கிறாரா, பதினைந்து வயதில் ஒரு பையன் இருக்கிறானா என்பது உங்களுக்கு இப்போதே தெரியும்.

என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். இது என் கருத்து, திருச்சபையின் கட்டளை அல்ல. இல்லை ஃபாதர், யோசித்தாயிற்று, வாங்கத்தான் போகிறோம் என்றால், சாவி போட்டுப் பூட்டும் இரும்புப் பெட்டியை முதலில் வாங்குங்கள், தோட்டாவை வேறு இடத்தில் வையுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆயர்களும் அதே 2000 ஆவணத்தில் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்தது, ஞானப்பெற்றோர் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்...