கடலுக்கு நாலு தெரு தள்ளி

நேயர்களுக்கு வணக்கம்.

கடற்கரை ஊரில் வீடு வாங்கிக் குடியிருப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வங்கிக் கடனுக்காக வீடுகளுக்கு மதிப்புப் போட்டுக் கொடுக்கும் இன்ஜினியர் நான். கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு தொடங்கி கோடியக்கரை வரை உள்ள ஊர்கள்தான் என் பிழைப்பு. வீடு பார்க்க வருகிறவர்கள், அதிலும் சென்னையிலிருந்து ஓய்வு பெற்று வருகிறவர்கள், முதலில் கேட்பது ஒன்றுதான்: "மாடியில நின்னா கடல் தெரியுமா சார்?"

தெரிய வேண்டாம் என்பேன். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் போய்ச் சேருகிற தூரத்தில் கடல் இருந்தால் போதும். காவிரிக் கழிமுகத்து ஊர்களின் சுகமெல்லாம் அலைக்கு நாலு தெரு உள்ளேதான் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி நீலா கீழவீதி, மேலவீதி, வடக்குவீதி, தெற்குவீதி என்று நான்கு வீதிகள். எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கடல் கண்ணில் படாது. துறைமுக ஊர்தான், கப்பல் ஏறிப் பிழைத்த ஊர்தான். ஆனாலும் குடியிருப்பை உள்ளே வைத்தார்கள்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் டான்ஸ்போர்க் கோட்டையை அலையோரத்திலேயே கட்டினார்கள். அவர்களுக்குக் கப்பல் கண்ணில் பட வேண்டியிருந்தது. பக்கத்திலேயே, பாண்டியர் காலத்து மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பின்னாளில்தான் புதுப்பித்துக் கட்டினார்கள். கோட்டைக்குக் காவல் வேலை. நமக்கு வேண்டியது தூக்கம், சாப்பாடு, மின்விசிறி இல்லாமல் உட்கார ஓர் இடம்.

அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சித்திரையில் கும்பகோணமும் மயிலாடுதுறையும் வெந்துகொண்டிருக்கும்போது, இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவுகிற நேரத்துக்குக் கிழக்கிலிருந்து காற்று எழும்பிவிடும். தரை சீக்கிரம் சூடேறுகிறது, கடல் மெதுவாகத்தான் சூடேறும். தரைக்கு மேலே சூடான காற்று உயர, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கிழக்குப் பார்த்த வாசலில் நுழைந்த காற்று கொல்லைக் கிணற்றடிவரை தடங்கலில்லாமல் போகும். இப்போது அதே மனையில் குறுக்கே மூன்று சுவர் எழுப்பி, படுக்கையறைக்கு ஏசி மாட்டிவிட்டு, "என்ன சார், கடற்கரை ஊருன்னு பேரு, புழுங்குது" என்கிறார்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று தாமதமாகும், சில நாள் வராமலேயும் போகும். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது.

அடுத்தது சாப்பாடு. வெறும் கடற்கரை ஊரில் மீன் கிடைக்கும். இங்கே மீனும் சோறும் ஒரே மண்ணில் கிடைக்கின்றன. கிழக்கே அலை, மேற்கே ஒரு மைல் போனால் சம்பா வயல். காலையில் கூடைக்காரம்மா தெருவில் கூவிக்கொண்டு வருவார்: சங்கரா, கிழங்கான், மத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா. இரண்டு மாதம் வாங்கினால் உங்கள் வீட்டுக்கு எது பிடிக்கும் என்று அவருக்கே தெரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் இனப்பெருக்கக் காலத் தடை. அப்போது நாட்டுப்படகில் வருவதுதான் மீன், விலையும் ஏறிவிடும். கருவாடும் முருங்கைக்காயும் சேர்ந்த குழம்புக்கு அதுதான் பருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகூர்ப் பக்கம் வீடு என்றால் சாயங்காலம் இறால் வைத்த வாடா கிடைக்கும். அதற்காகவே ஒரு வீடு வாங்கலாம் என்று சொல்ல ஆசைதான், தொழில் தர்மம் தடுக்கிறது.

ஊரோடு வாழ்வதும் ஒரு சுகம். மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளுவார். அங்கே மீனவர்களுக்கு அவர் சாமி மட்டுமல்ல, மாப்பிள்ளை. தங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டியவர் என்று உரிமையோடு வரவேற்பார்கள். நாகூர் கந்தூரியில் சந்தனக்கூடு ஊர்வலம் பார்க்க எல்லா மதத்துக்காரர்களும் தெருவில் நிற்பார்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேறி செப்டம்பர் 8 வரை திருவிழா. வேளாங்கண்ணி சாலையோரம் வீடு வாங்கினீர்கள் என்றால் அந்த நாட்களில் காரை வெளியே எடுக்க முடியாது. காவி உடுத்தி நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அதுவும் நல்ல வேலைதான். அப்புறம், மே மாத விடுமுறையில் உறவினர்கள் பாசம் பொங்கி வருவார்கள். அதனால் ஓர் அறை கூடுதலாக இருக்கட்டும்.

சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். இங்கே முதலில் தடுக்கி விழுகிற இடம் அடிமனை.

கழிமுகத்து ஊர்களில் கோயிலைச் சுற்றியுள்ள மனைகளில் பல, கோயிலுக்கே சொந்தம். மேலே இருக்கும் கட்டடம் குடியிருப்பவருடையது, கீழே இருக்கும் மண் கோயிலுடையது. மாதாமாதம் கோயிலுக்கு வாடகை கட்ட வேண்டும். தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஏற்பாடு இது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இது தெரியாது. "வீடு பாதி விலைக்கு வருது சார்" என்று என்னிடம் சொல்வார்கள். பாதி விலைக்குக் கிடைப்பது பாதி வீடுதான். அந்த மண்ணின் பேரில் வங்கி கடன் தராது, கோயில் நிலத்தை உங்கள் பெயருக்குப் பதிவும் செய்ய முடியாது. வக்பு மனைகளுக்கும் இதே கதைதான். வில்லங்கச் சான்று மட்டும் பார்த்தால் போதாது. அது யார் விற்றார், யார் வாங்கினார், அடமானம் உண்டா என்று சொல்லும். மண் யாருடையது என்பதைப் பட்டாவிலும், ஊர் நிலங்கள் யார் பேரில் என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டிலும் பாருங்கள், நகராட்சிக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டில் பாருங்கள். தமிழக அரசின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. அங்கே வாங்குகிறவர்களுக்குப் பத்திரப் பதிவும் கட்டணமும் வேறு, இந்த இணையதளம் உதவாது.

தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வீட்டு விலையைச் சொல்லும்போது இந்த 9-ஐக் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இனி "கடலோரமே வேண்டும்" என்று அடம்பிடிப்பவர்களுக்கு. கடல் நீர் ஏறிவரும் உச்சக் கோடான உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். நகராட்சிக்குள், வளர்ந்த பகுதி என்றால், ஏற்கெனவே உள்ள சாலைக்கு அல்லது அனுமதி பெற்ற கட்டடங்களுக்கு உட்புறமாகத்தான் கட்ட முடியும். கிராமங்களில் அலைக்குப் பக்கத்தில் ஒரு பட்டை முழுக்கவே புதுக் கட்டடம் கூடாத பகுதி. உப்பனாறு மாதிரி கடல் ஓதம் ஏறும் ஆற்றங்கரைகளுக்கும் விதி உண்டு. "ஆத்தோரம் சார், போட் விடலாம்" என்று தனி விலை சொல்வார்கள், அந்த ஆசையில் விழாதீர்கள். இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்கிறேன்: அலையோர மணல் மீனவர்கள் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் வேண்டிய இடம். அதில் வேலி போட்டு வீடு கட்டுகிறவர் எந்தச் சட்டம் காட்டினாலும் எனக்குப் பிடிக்காது.

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றிப் பேசாமல் இந்தக் கரையில் மனை பற்றிப் பேசுவது நியாயமில்லை. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். உயர்ந்த மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்தது, மேட்டை வெட்டித் தட்டையாக்கிய இடங்களில் தண்ணீர் நேராக உள்ளே வந்தது. மணல்மேட்டை வெட்டிச் சமன் செய்து மனை போட்டிருக்கிறார்கள் என்றால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது கற்றுக்கொண்டது வேறு. தளம் போட்ட வீடுகள் நின்றன, மொட்டைமாடியில் ஆசையாகப் போட்ட தகரக் கொட்டகைகள் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதே மணல்மேடுதான் குடிக்கிற தண்ணீரும் தருகிறது. மேட்டில் இறங்கும் மழைநீர், கனமான உப்புத் தண்ணீருக்கு மேல் பாலில் ஏடு மாதிரி மிதந்து நிற்கும். ஆழமில்லாத கிணற்றில் வாளி போட்டால் நல்ல தண்ணீர் வரும். பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சினால் ஏடு கிழிந்து கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். ஆகையால் "போர் எரநூறு அடி போட்டிருக்கேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் மகிழ வேண்டாம். ஒரு குடம் பிடித்துப் போய்ப் பருப்பு வேகவைத்துப் பாருங்கள். நல்ல தண்ணீரானால் பருப்பு குழையும்.

கட்டடத்தைத் தின்பதும் உப்புதான். கான்கிரீட்டுக்கு உள்ளே இருக்கும் கம்பியை உப்புக்காற்று எட்டினால் துருப் பிடிக்கும். துரு கம்பியைவிடப் பருமனானது, அது உள்ளிருந்து தள்ள, காரை பெயர்ந்து விழும். கடலோரத்தில் வெளிப்படும் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதிப்படி குறைந்தது எம் 30 தரக் கலவை, கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட், அதாவது கவரிங், வேண்டும். ஊரில் பெரும்பாலும் இதில் பாதிகூட வைப்பதில்லை. பழைய கான்கிரீட் வீடு பார்க்கப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பால்கனியின் அடிப்பாகம், சன்ஷேடு, குளியலறைக்கு மேல் இருக்கும் தளம், இந்த மூன்றையும் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, பொத்பொத்தென்றால் உள்ளே கம்பி வீங்கிவிட்டது என்று அர்த்தம். வெள்ளையடித்துப் பளபளவென்று வைத்திருக்கும் வீட்டை இரண்டு தடவை தட்டுங்கள்.

சுண்ணாம்புச் சுவரும் தேக்குச் சட்டமும் அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மெட்ராஸ் தளமும் உள்ள பழைய வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, துருப்பிடிக்க அவற்றில் இரும்பே சொற்பம். சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் திண்ணை வைத்த பழைய வீடுகள் சிலவற்றை அந்தக் காலத்து முறையிலேயே பழுது பார்த்தார்கள். போய்ப் பாருங்கள், உங்கள் கொத்தனாரையும் கூட்டிப் போங்கள். ஆனால் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூச அவர் கை துறுதுறுக்கும். விடாதீர்கள், சுவருக்குள் இறங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் போய்விடும்.

பார்க்கப் போவதென்றால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். கழிமுகம் தட்டையான மண். வடகிழக்கு மழை கொட்டும்போது கடலிலும் ஓதம் ஏறியிருந்தால் வடிகாலில் தண்ணீர் நகராது. தெருவைவிட வீட்டுத் தரை எவ்வளவு உயரம் என்பது அன்றைக்குத்தான் தெரியும். "மழை விடட்டும் சார், பொங்கல் கழிச்சுப் பாக்கலாம்" என்பார் புரோக்கர். அவர் வராவிட்டால் போகட்டும், நீங்களே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும், குழாயில் கொள்ளிடத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், அடிமனை யாருடையது, மூன்றையும் அவர் மறைக்காமல் சொல்லிவிடுவார். பதில்கள் பிடித்திருந்தால் முன்பணத்தைத் தையில் கொடுத்துக்கொள்ளலாம்.

வணக்கம்.