காடிஸ் கொண்டாடிய மாஹிகோ

நேயர்களுக்கு வணக்கம். கால்பந்து என்றதும் நம் வாயில் முதலில் வருவது பிரேசில், அர்ஜென்டினாதான். இன்று நான் மெக்சிகோவுக்குத் தெற்கே, மத்திய அமெரிக்காவில் இருக்கும் எல் சால்வடோருக்கு உங்களை அழைத்துப் போகிறேன். அங்கே 1958-ல் பிறந்தவர் ஹோர்ஹே கோன்சாலெஸ். ரசிகர்கள் வைத்த பெயர் மாஹிகோ, அதாவது மாயக்காரர். அவரைப் பற்றி எழுதும் பலரும் 'வீணாய்ப் போன திறமை' என்று முடித்துவிடுகிறார்கள். அதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1981 நவம்பர். உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று ஹோண்டுராஸின் தெகுசிகல்பா நகரில் நடக்கிறது. எல் சால்வடோரில் அப்போது உள்நாட்டுப் போர். 1980-ல் மூண்டு 12 ஆண்டு ஓயாத போர் அது. எதிரே மெக்சிகோ, அந்த வட்டாரத்தின் பெரிய அணி. மாஹிகோ பந்தோடு ஓடுகிறார், ஆட்களைத் தாண்டுகிறார், அடிக்கிறார். கோல்காப்பாளர் தட்டிவிட்ட பந்தை எவர் எர்னான்டெஸ் உள்ளே தள்ளுகிறார். 1-0. மெக்சிகோ வெளியே, எல் சால்வடோர் ஸ்பெயினுக்கு! போரில் கிடந்த மக்களுக்கு அந்த ஒரு கோல் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 22 பேரை அழைத்துப் போகலாம் என்று விதி இருந்தும், 20 பேரோடுதான் அந்த அணி ஸ்பெயினுக்குப் போனது. முதல் ஆட்டம் 1982 ஜூன் 15, எல்ச்சே நகரில், ஹங்கேரியோடு. இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியாயிற்று. ஐந்து கோல் பின்தங்கி நிற்கும்போது லூயிஸ் ராமிரெஸ் சபாத்தா ஒன்று போட்டார். உலகக் கோப்பையில் அந்த நாடு அடித்த முதல் கோல். இன்றுவரை ஒரே கோலும் அதுதான். மனிதர் கைகளை விரித்துக்கொண்டு குதித்து ஓடினார். 'ரொம்பக் கொண்டாடாதே, அவர்களுக்குக் கோபம் வந்துவிடும்' என்று கூட ஆடியவர்கள் தடுத்ததாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஹங்கேரியின் மாற்று ஆட்டக்காரராக வந்த லாஸ்லோ கிஸ் ஏழே நிமிடத்தில் மூன்று கோல் அடித்தார். முடிவு 10-1.

பத்துக்கு ஒன்று, நேயர்களே! ஆனால் அடுத்த ஆட்டத்தில் பெல்ஜியத்திடம் ஒரே ஒரு கோல். அதற்கடுத்து, மரடோனா ஆடிய அர்ஜென்டினாவிடம் இரண்டே கோல். அந்தப் பையன்கள் நிமிர்ந்து நின்றார்கள். இதை யாரும் சொல்வதில்லை, அதனால்தான் நான் அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றிலும் தோற்ற அணியில் இருந்த மாஹிகோவை ஸ்பெயினின் காடிஸ் கழகம் அந்தக் கோடையிலேயே எடுத்துக்கொண்டது. தென்கோடியில் அட்லாண்டிக் கடல் சூழ்ந்த பழைய துறைமுக ஊர் அது. கழகம் அப்போதுதான் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. மாஹிகோ வந்த முதல் பருவத்திலேயே மேலே ஏறிவிட்டது.

அவருடைய பிரசித்தமான வித்தை ஒன்று உண்டு. உங்கள் முன்னால் ஒருவர் பந்தோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலின் வெளிப்பக்கத்தால் பந்தை லேசாகத் தள்ளுகிறார். நீங்கள் அந்தப் பக்கம் சாய்கிறீர்கள். அதே கால், தரையில் ஊன்றாமலே, உள்பக்கத்தால் பந்தை வெட்டி இழுத்துவிடுகிறது. நீங்கள் சாய்ந்தது சாய்ந்தபடி நிற்க, ஆள் உங்களைத் தாண்டிப் போயாயிற்று.

இரவெல்லாம் விழித்திருப்பார், பயிற்சிக்குத் தாமதமாக வருவார், சில நாள் வரவே மாட்டார். எல்லாம் உண்மைதான். 1984-ல் பார்சலோனா தன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மரடோனாவோடு அவரை ஆடவைத்துப் பார்த்தது. விடுதியில் தீ அபாய மணி அடித்து எல்லோரும் வெளியே ஓட, இவர் மட்டும் அறையைவிட்டு வரவில்லையாம். ஒப்பந்தம் கைகூடவில்லை. 1985-ல் வயாடோலிட் கழகத்துக்குப் போனார், ஒட்டவில்லை. மறு ஆண்டு காடிஸே திரும்ப அழைத்துக்கொண்டது. 1987-88 பருவத்தில் அந்தக் கழகம் முதல் பிரிவில் 12-ஆம் இடம் பிடித்தது. அதன் வரலாற்றிலேயே உயர்ந்த இடம் அது. அந்த அணியில் மாஹிகோ இருந்தார்.

கால்பந்தைப் பிழைப்பாக நினைத்து ஆடினால் அது நானாக இருக்காது, மகிழ்ச்சிக்காகவே ஆடுகிறேன் என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். பெரிய கழகத்தின் கோப்பைகளை வைத்து அளப்பவர்களுக்கு அவர் வீண்தான். வாரா வாரம் காடிஸ் மைதானத்துக்கு வந்த துறைமுகத் தொழிலாளியைக் கேட்டால் வேறு கணக்கு சொல்வார். வீண் இல்லை நேயர்களே, அவர் ஆடியதைக் கண்ணாரப் பார்த்த ஓர் ஊரே இருக்கிறது.

நேரம் ஆகிவிட்டதாக நிலையத்து நண்பர் சைகை காட்டுகிறார். மாஹிகோ 1991-ல் நாடு திரும்பி, சான்டா அனா நகரத்தின் ஃபாஸ் கழகத்துக்கு நாற்பது வயதுவரை ஆடினார். சான் சால்வடோரின் தேசிய மைதானத்துக்கு 2006-ல் அவர் பெயரையே வைத்தார்கள். கேட்டிருந்த உங்களுக்கும் வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கும் நன்றி, வணக்கம்.