திருப்பித் தர வேண்டாத புத்தகம்

அவையோருக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நூல் திரட்டும் பணியில் நீங்கள் காட்டிய ஊக்கத்தைப் பாராட்டிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றுதான் வந்தேன். வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளுள் ஒன்றைத் திறந்து பார்த்ததால் பேச்சு சற்று மாறுகிறது. பழைய நுழைவுத்தேர்வு வழிகாட்டிகள் இரண்டு, ஏதோ ஒரு நாவலின் இரண்டாம் பாகம் மட்டும், பாதி எழுதிய நாட்குறிப்பு ஒன்று, இவற்றுக்கு அடியில் நல்லவேளையாக ஒரு சிறுவர் படக்கதை. வீட்டு அலமாரியை ஒழிப்பதும் ஒரு பிள்ளைக்குப் புத்தகம் கொடுப்பதும் வெவ்வேறு வேலைகள். முதல் வேலைக்குப் பழைய தாள் வாங்குபவரே போதும்.

இதைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்றால், ஒருகாலத்தில் நானும் இதையேதான் செய்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு சேர்ந்து ஏறத்தாழ 200 நூல்களை ஒரு பள்ளிக்கு அனுப்பினோம். மேடையில் வழங்கிப் படமும் எடுத்துக்கொண்டோம். அடுத்த ஆண்டு சென்று பார்த்தபோது, பூட்டிய இரும்பு அலமாரிக்குள் நாங்கள் கட்டிக் கொடுத்த சணல் கயிறுகூட அவிழ்க்கப்படாமல் அவை அப்படியே இருந்தன. பொறுப்பாசிரியர் மீது கோபம் வந்தது உண்மைதான். ஆனால், ஒவ்வொரு நூலும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருப்பதையும், ஒன்று தொலைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் கேட்டபின், பூட்டை மாட்டியது அவர் கை மட்டுமன்று என்பது விளங்கியது.

நூலகவியலுக்கு ஐந்து விதிகளை 1931இல் வகுத்தளித்த எஸ். ஆர். ரங்கநாதன், 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்பதை முதல் விதியாக வைத்ததற்குக் காரணம், நூல்களைக் காப்பதே நூலகத்தின் வேலை என்ற பழைய எண்ணம் எளிதில் ஒழியாது என்பதை அவர் அறிந்திருந்ததுதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. நாம் பெரும்பாலும் தவறுவது இந்த இரண்டாவதில்.

அமெரிக்காவில் மார்கரெட் மெக்னமாரா என்ற பெண்மணி, வாஷிங்டன் நகரின் ஏழைச் சிறுவர்களுக்குப் படிக்கக் கற்றுத்தந்தபோது, தமக்கெனச் சொந்தமாக ஒரு புத்தகம்கூட இல்லாதவர்கள் அவர்களுள் இருப்பதைக் கண்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த நூல்களை அவர்கள் முன் வைத்து, பிடித்ததை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து 1966இல் ஓர் அமைப்பே உருவானது. பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும், எடுத்தது அதற்கே சொந்தமாக வேண்டும் என்ற இரண்டும் அன்றே தெளிவாகிவிட்டன.

பின்னாளில் இதற்கு ஆய்வுச் சான்றும் கிடைத்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வறுமை மிகுந்த பள்ளிகளைச் சேர்ந்த 852 பிள்ளைகள் மூன்று கோடை விடுமுறைகளில் ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கு 12 நூல்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். நூல் பெறாத பிள்ளைகளைவிட இவர்கள் வாசிப்புத் தேர்வில் முன்னேறியிருந்தார்கள். மிக ஏழைப் பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. ரிச்சர்ட் ஆலிங்டன் என்ற வாசிப்பு ஆய்வாளரின் குழுவினர் 2010இல் வெளியிட்ட முடிவு இது. விடுமுறையில் வீட்டில் படிக்க ஏதும் இல்லாத பிள்ளை, கற்றதில் ஒரு பகுதியை இழந்துதான் பள்ளி திரும்புகிறது என்பதால், புத்தகம் கொடுக்க ஏற்ற நேரம் ஆண்டு விழா அல்ல, விடுமுறைக்கு முந்தைய வாரம்.

தேர்ந்தெடுக்கவிட்டால் பிள்ளைகள் பெரியோர் வாழ்க்கை வரலாற்றையா எடுப்பார்கள்? பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். டைனோசரையும் பேயையும் கிரிக்கெட்டையும் எடுப்பார்கள், எடுக்கட்டும். ஆனால் தேர்வு என்பது தேர்வாக இருக்க வேண்டுமானால், 40 பிள்ளைகளுக்கு 40 நூல்கள் போதா; வரிசையில் கடைசியாக நிற்கும் பிள்ளைக்கு மிச்சம்தான் கிடைக்கும். இரு மடங்காவது பரப்பி வையுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அந்த நூல் இப்போதைக்குக் கடினம் என்று மெல்லச் சொல்லிக் கொடுங்கள். அப்படியும் அதுவே வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் சுருக்கம் எழுதி வரச் சொல்லாதீர்கள், அத்துடன் அது பாடநூலாகிவிடும்.

அந்தப் பழைய தவறுக்குப் பின் நாங்கள் தரையில் விரிப்பு விரித்து நூல்களைப் பரப்பத் தொடங்கினோம். முதல் நாள் ஒரு சிறுமி யானைக் கதை ஒன்றை எடுத்தாள், வைத்தாள், மூன்று முறை சுற்றிவந்து மீண்டும் அதையே எடுத்தாள். "எப்போ திருப்பித் தரணும்?" என்று கேட்டாள். தர வேண்டாம் என்றேன். சிறிது நேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, பேனா கேட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தன் பெயரை அழுத்தி எழுதினாள். அடுத்த பக்கத்திலும் அந்த எழுத்துகள் தடமாக விழுந்திருந்தன.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெட்டிகளைப் பிரித்துத் தரம் பார்க்க ஆறேழு பேர் இருந்தால் நல்லது. அந்த நாட்குறிப்புக்கு உரியவர் அவையில் இருப்பின் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். நான் எதையும் படிக்கவில்லை.