கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

வணக்கம், நேயர்களே.

பெங்களூரு பீனியாவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவன் நான். வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கடைசிக் கணக்குப் போடுவது என் மேசை வேலை. அந்தக் காகிதத்தின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன், நிர்வாகத்தின் மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை." அதற்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். மேலே இருக்கும் தொகைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போட்டவர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். ஓய்வு பெற்ற பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அல்சூரில் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மென்ட்ஸில் டெய்லர். சொந்த ஊர் தர்மபுரி. சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அது முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும்.

"அண்ணா, எங்க லைனை மூடுறாங்க. நாளைக்குக் கையெழுத்துப் போட்டாத்தான் செக்காம். போட்டுடட்டுமா?"

"இரும்மா, முதல்ல என்ன எழுதியிருக்குன்னு பாப்போம்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அவருக்கு மாதம் 13,000 ரூபாய். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலை செய்த வருஷங்களுக்காகக் கடைசியில் தரும் பணிக்கொடைக்கு, மாதத்தை 26 நாளாக வைத்து வகுக்க வேண்டும், ஆக ஒரு நாளுக்கு 500. வருஷத்துக்குப் பதினைந்து நாள் என்றால் 7,500. அவர் வேலை செய்தது 8 வருஷம் 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனால் அதை முழு வருஷமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஒன்பது வருஷத்துக்கு 67,500 வர வேண்டும். காகிதத்தில் இருந்தது 60,000. ஏழு மாதத்தை அப்படியே விட்டுவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த பதினோரு நாள் விடுப்புக்கும் பணம் இல்லை. அப்புறம், 'நோட்டீஸ் பே பிடித்தம்' என்று ஒரு மாதச் சம்பளத்தைக் கழித்திருந்தார்கள். லைனை மூடுவது கம்பெனி, நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று பணம் பிடிப்பது தொழிலாளியிடம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆனால் அந்தக் காகிதத்தில் பெரிய இழப்பு எண்களில் இல்லை, மேலே இருந்த ஒரு சொல்லில் இருந்தது. 'ராஜினாமா' என்று அச்சடித்திருந்தது. அவர் ராஜினாமா செய்யவில்லை, அனுப்பப்படுகிறார். சட்டத்தில் இதற்குப் பெயர் ஆட்குறைப்பு. ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகவும் தர வேண்டும். கிராஜுவிட்டி வேறு, இது வேறு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து வந்த உரிமை இது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தொடர்கிறது. 'ராஜினாமா' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் இதையெல்லாம் கேட்கவே வழி இல்லாமல் போகும். கிராஜுவிட்டிக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை அந்த ஒரு சொல்லால் போகப் பார்த்தது.

சரி, இது கார்மென்ட்ஸ் கதை, நமக்கு எதற்கு என்று ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் இருக்கும் தம்பி தங்கைகள் நினைக்க வேண்டாம். உங்களுக்கும் அதே சொல்தான், வாங்குகிற விதம்தான் வேறு. காலை பத்தரைக்கு ஒரு வீடியோ கால் வரும். "நீங்களே பேப்பர் போட்டுவிடுங்கள், ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும். இல்லையென்றால் டெர்மினேஷன் என்று ரெக்கார்டில் ஏறும். நாலு மணிக்குள் சொல்லுங்கள்." எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இப்படித்தான் நடந்தது. வீட்டுக் கடன், கைக்குழந்தை, பயம். மூன்றே முக்காலுக்கு அவன் ராஜினாமா பட்டனை அழுத்திவிட்டான். அழுத்திய பிறகுதான் என்னிடம் வந்தான்.

அந்த நாலு மணி சட்டம் வைத்த நேரம் இல்லை. அவர்களாக வைத்தது. "காகிதத்தை மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பேசியது என்ன, யார் பேசினார்கள், எத்தனை மணிக்கு என்று அன்று சாயங்காலமே உங்கள் சொந்த மெயிலில் எழுதி எச்.ஆருக்கு அனுப்பிவிடுங்கள். பின்னால் நீங்கள் எங்கே போய் நின்றாலும் உங்கள் பக்கம் பேசப் போவது அந்த மெயில்தான். லேப்டாப்பைத் திருப்பித் தருவதற்கு முன்னால் உங்கள் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், ஃபார்ம் 16, விடுப்பு இருப்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதை மட்டும் எடுங்கள். கம்பெனி ஃபைல் ஒன்றுகூட வேண்டாம். அதுவே உங்கள் மேல் குற்றச்சாட்டாகத் திரும்பும்.

ஆட்குறைப்பு இழப்பீடு 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதில் வரமாட்டார்கள். ஆனால் அட்டையில் டீம் லீட் என்று போட்டிருப்பதாலேயே ஒருவர் மேற்பார்வையாளர் ஆகிவிட மாட்டார். நாள் முழுக்க அவர் கை என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, கையெழுத்துப் போட்டாலும் போகாதவை. கிராஜுவிட்டியை எந்த ஒப்பந்தத்தாலும் பறிக்க முடியாது. 1972-ஆம் ஆண்டுச் சட்டமே தனக்கு எதிரான ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று எழுதி வைத்தது. பொதுவாக ஐந்து வருஷம் வேலை செய்திருக்க வேண்டும். புதிய தொகுப்பில், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருஷமே போதும். முப்பது நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். கடைசிச் சம்பளமோ, ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி, ராஜினாமாவானாலும் நீக்கமானாலும் இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும். "கடைசிக் கணக்கான எஃப் அண்ட் எஃப் முடிய நாற்பத்தைந்து நாள் ஆகும், எங்கள் பாலிசி" என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். சட்டத்துக்கு மேல் பாலிசி கிடையாது.

பி.எஃப். உங்கள் பணம். இந்த ஊர் அதற்காகத் தெருவில் இறங்கியிருக்கிறது. 2016 ஏப்ரலில், முதலாளி கட்டிய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று ஒரு விதி வரப்போகிறது என்றதும், கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. இப்போதும் அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போது எனக்கு அந்த நாள் ஞாபகம் வரும்.

அடுத்து, "இன்னும் ஒரு வருஷம் போட்டிக் கம்பெனியில் சேர மாட்டேன்" என்ற நிபந்தனை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவு: ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையை விட்ட பிறகு அந்தத் தடைக்கு வலு இல்லை. ஆனால் கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது செல்லும், அதை மீறாதீர்கள். குறைந்தபட்ச காலம் வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டும் எப்போதும் செல்லாததில்லை. ஒரு பொதுத்துறை வங்கியின் இரண்டு லட்ச ரூபாய் பாண்டை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே நீதிமன்றம்தான் 1986-இல் பிரஜோ நாத் கங்குலி வழக்கில், பேரம் பேசும் பலமே இல்லாதவர் மீது திணிக்கப்பட்ட நியாயமற்ற நிபந்தனை செல்லாது என்றும் சொன்னது. அதனால் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் பயப்படவும் வேண்டாம், படிக்காமல் துணியவும் வேண்டாம்.

செட்டில்மென்ட் என்றாலே மோசம் என்றும் நான் சொல்ல வரவில்லை. நல்ல செட்டில்மென்ட்டும் பார்த்திருக்கிறேன். உங்களுக்குச் சட்டப்படி வர வேண்டியதை ஒரு பக்கம் எழுதுங்கள். அவர்கள் கூடுதலாகத் தருவதை மறுபக்கம் எழுதுங்கள். கூடுதல் பக்கம் காலியாக இருந்தால், உங்கள் பணத்தையே உங்களிடம் கொடுத்துவிட்டு வழக்குப் போடும் உரிமையை வாங்கிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். பேரம் பேசுகிறபோது பணத்தோடு நிற்காதீர்கள். ரிலீவிங் லெட்டரில் என்ன வாசகம் வரும், எந்தத் தேதிக்குள் வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீடு என்றைக்கு முடிகிறது என்று கேளுங்கள். குழுக் காப்பீட்டைத் தனிக் காப்பீடாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. வீட்டில் சர்க்கரை நோயுள்ள அப்பாவோ அம்மாவோ இருந்தால், வேலை முடியும் நாளுக்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

பணம் அவசரம், வாங்காமல் முடியாது என்றால்? வாங்குங்கள். கையெழுத்துக்கு மேலே "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி, தேதி போட்டு, அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம்.

அப்புறம் பன்னேர்கட்டா சாலையில் கார்மிக பவன் இருக்கிறது, தொழிலாளர் துறை அலுவலகம். சமரச அதிகாரியிடம் நீங்களே மனு கொடுக்கலாம். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் சட்ட உதவி இலவசம். அதற்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

அந்தத் தர்மபுரிப் பெண் மறுநாள் கையெழுத்துப் போடவில்லை. என் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கூட வேலை செய்யும் நாலு பேரோடு அலுவலகத்துக்குப் போனார். மூன்று வாரத்தில் கிராஜுவிட்டி 67,500 வந்தது. விடுப்புப் பணமும் வந்தது, நோட்டீஸ் பிடித்தத்தையும் எடுத்துவிட்டார்கள். 'ராஜினாமா' என்ற சொல்லை மட்டும் மாற்ற மாட்டோம் என்கிறார்கள். அதற்காக ஐந்து பேரும் மனு கொடுத்திருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை கார்மிக பவனில் பேச்சுவார்த்தை. நானும் அவர்களோடு போகிறேன்.

நன்றி, வணக்கம்.